பாலேவாடியில் யாருக்காகக் கத்துவது?

2012-13 ஐ-லீக் புள்ளிப் பட்டியலின் உச்சியில் இருந்த இரண்டு வரிகளைப் புனேவின் பழைய கால்பந்து ரசிகர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சர்ச்சில் பிரதர்ஸ் 55, புனே எஃப்சி 52. பதினான்கு அணிகள், அணிக்கு 26 ஆட்டம், அக்டோபரில் தொடங்கி மே வரை நீண்ட பருவம். முடிவில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு வெற்றி. அந்த மூன்று புள்ளி எந்த ஆட்டத்தில் தொலைந்தது என்ற பஞ்சாயத்து இன்னும் முடிந்தபாடில்லை.

வேடிக்கை என்னவென்றால், பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தில் புனே ஆடவே இல்லை. 2013 மே 7 அன்று சர்ச்சில் அணி மோகன் பகானுடன் 1-1 என்று சமன் செய்தது. அந்த ஒரு புள்ளியே கோவாக்காரர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தான் ஆடாத ஆட்டத்தில் பட்டத்தை இழப்பது தனிவகை எரிச்சல். நடுவரைத் திட்ட முடியாது. கோல்கீப்பரைக் குறை சொல்ல முடியாது. பருவம் முழுவதையும் பின்னோக்கிப் புரட்டிக் குற்றவாளியைத் தேட வேண்டியதுதான்.

புனேக்காரர்கள் அதற்குச் சளைத்தவர்கள் அல்ல. நண்பர்கள் மாலையில் கூடி அரட்டையடிக்கும் இடத்துக்கு இந்த ஊரில் ‘கட்டா’ என்று பெயர். பெரும்பாலும் ஓர் அமிர்துல்ய டீக்கடைக்கு எதிரே இருக்கும் திண்ணையோ குட்டைச் சுவரோதான் அது. கால்பந்துக் கட்டாவில் இந்த வழக்குக்கு மூன்று கட்சிகள். பயிற்சியாளர் டெரிக் பெரேரா ஜாக்கிரதையாகவே ஆடவைத்துச் சிறு அணிகளிடம் புள்ளிகளைச் சிந்தினார் என்பது முதல் கட்சி. தெற்கு சூடானின் ஜேம்ஸ் மோகா முன்னால் நின்று இடித்த வேகத்துக்கு நடுக்களம் ஈடுகொடுக்கவில்லை என்பது இரண்டாவது. மூன்றாவது கட்சி ஒரே பெயரைச் சொல்லும்: சுனில் சேத்ரி. போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து லோனில் வந்து, பருவத்தின் நடுவில் சர்ச்சிலுக்குள் நுழைந்தார் அவர். அவர் வராமலிருந்தால் கோப்பை புனேவின் பாலேவாடி மைதானத்துக்கு வந்திருக்கும் என்பது இவர்கள் வாதம். என்னைக் கேட்டால் மூன்றாம் கட்சியின் பக்கமே கொஞ்சம் சாய்வேன். வாதம் பலமானது என்பதற்காக அல்ல, சேத்ரி அதன் பிறகும் இந்த ஊரை விட்டுவைக்கவில்லை என்பதற்காக. அந்தக் கதை பின்னால் வருகிறது.

புனேவைக் கிரிக்கெட் ஊர் என்றோ மல்யுத்த ஊர் என்றோதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் முகாம் பகுதியிலும் கட்கியிலும் பட்டாளம் வந்த காலத்திலிருந்தே பந்து உருண்டிருக்கிறது. தமிழர்களுக்கு இந்தப் பக்கம் அந்நியமும் அல்ல. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்றில்தான் ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை பிறந்தார். அந்தத் தெருக்களில் மட்டை வாங்க வழியில்லாத பையன்களுக்கும் ஒரு பந்து போதும், இருபது பேர் ஆடலாம்.

அசோக் பிராமல் குழுமம் 2007இல் தொடங்கிய புனே எஃப்சி, 2009-10இல் ஐ-லீகுக்குள் நுழைந்த முதல் பருவத்திலேயே மூன்றாமிடம் பிடித்தது. ஜப்பானில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்று இந்தியாவுக்காகவும் ஆடிய அரட்டா இசுமி இங்கேதான் ஆடினார். மலப்புறத்துக்காரரான அனஸ் எடத்தொடிகா, இந்திய அணியின் தற்காப்புக்குப் போகுமுன் இங்கேதான் உரமேறினார். சம்பளம் தேதிக்கு வரும், அகாடமி ஒழுங்காக நடக்கும் என்று கால்பந்து வட்டாரத்தில் பெயர் வாங்கிய கிளப். கூட்டம்தான் சேரவில்லை. 1994 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட பாலேவாடி வளாகம், மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி ஊரின் மேற்குக் கோடியில் இருக்கிறது. கட்கிப் பையன் வேலை நாளில் அங்கே போய்த் திரும்ப அரை நாள் வேண்டும். அதே பையன் இரவு மான்செஸ்டர் யுனைட்டெட் ஆட்டத்துக்குக் கண்விழித்திருப்பான். டிவி பக்கத்து அறையில், பாலேவாடியோ பக்கத்து மாவட்டத்தில் இருப்பதுபோல.

இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்த்தே அவன் ஒரு பாடத்தைக் கற்றிருந்தான்: பட்டத்தைக் கடைசி நிமிடத்தில் இழந்தாலும் ஆகஸ்டில் மறுபடி ஆரம்பிக்கும். 1989 மே 26 அன்று லிவர்பூலின் சொந்த மைதானத்தில் அர்செனலின் மைக்கேல் தாமஸ் கடைசி நிமிடத்தில் கோல் அடித்துப் பட்டத்தைப் பறித்துப் போனார். லிவர்பூல் மறு வருடமே லீகை வென்றது. 2012 மே 13 அன்று மான்செஸ்டர் சிட்டியின் அகுவேரோ அடித்த கோலில் யுனைட்டெட் பட்டத்தைக் கோல் வித்தியாசத்தில் இழந்தது. அடுத்த பருவத்திலேயே பட்டம் அவர்களிடம் திரும்பி வந்தது. தோற்ற அணி திருப்பிக் கொடுக்கும், வென்ற அணி ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொள்ளும். லீக் கால்பந்தில் ரசிகனின் வாக்குவாதம் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

இந்தியாவில் அந்த மறுவருடம்தான் வருவதில்லை.

2013இல் பட்டம் வென்ற சர்ச்சிலையே பாருங்கள். அடுத்த பருவம் முடிந்ததும் ஐ-லீகில் அதற்கு இடமில்லாமல் போனது, திரும்பி வரச் சில வருடங்கள் ஆயின. தோற்ற புனே எஃப்சி 2015 வரை தாக்குப்பிடித்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐஎஸ்எல் வந்தது, பணமும் விளம்பரமும் தொலைக்காட்சியும் அந்தப் பக்கம் திரும்பின, பிராமல் குழுமம் முதல் அணியைக் கலைத்தது. அகாடமி மட்டும் ஊரின் ஐஎஸ்எல் அணியான எஃப்சி புனே சிட்டியின் கைக்கு மாறியது. மகிந்திரா யுனைட்டெட்டும் ஜேசிடியும் சில வருடங்கள் முன்பே இப்படிக் கடையைக் கட்டியிருந்தன. அதனால் பெரிய அதிர்ச்சி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 52 புள்ளிக்குக் கணக்குத் தீர்க்கக் காத்திருந்தவர்களுக்கு இனி அணியே இல்லை.

அணிகளுக்குப் பஞ்சம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2014-15இல் கல்யாணி குழுமத்தின் பாரத் எஃப்சி என்று ஒன்று வந்தது. ஒரே ஒரு பருவம், கடைசி இடம், புதிய அணி என்பதால் தரமிறக்கத்திலிருந்து விலக்கு. அந்த விலக்கால் அடிபட்டுக் கீழே போனது ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற டெம்போ. தப்பித்த பாரத் எஃப்சியோ மறு பருவத்துக்கு வரவே இல்லை. கோவா ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமலிருப்பது நல்லது. அடுத்து டிஎஸ்கே சிவாஜியன்ஸ். கட்டுமான நிறுவனம் ஒன்றின் அணி. இரண்டு பருவம் ஆடி 2017இல் நின்றது.

மிஞ்சியது ஐஎஸ்எல்லின் புனே சிட்டி. 1998இல் உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் அணியின் டேவிட் திரெசெகே முதல் வருடம் வந்தார், அடுத்து ருமேனியாவின் அட்ரியான் முட்டு. பெயர்கள் பெரியவை, புள்ளிகள் சிறியவை. பிடிவாதக்கார ரசிகர்கள் சிலர் ‘ஆரஞ்சு ஆர்மி’ என்று பெயர் வைத்துக்கொண்டு, மேளத்தோடு பாலேவாடி ஸ்டாண்டில் இடம் பிடித்தார்கள். 2017-18இல் அவர்களுக்குப் பலன் கிடைத்தது. மார்செலின்யோவும் உருகுவேயின் எமிலியானோ அல்ஃபாரோவும் கோல் போட, புனே சிட்டி முதல்முறையாக அரையிறுதிக்கு வந்தது. எதிரில் பெங்களூரு. முதல் ஆட்டம் பாலேவாடியில் 0-0. 2018 மார்ச் 11 அன்று கண்டீரவா மைதானத்தில் ஜொனாத்தன் லூக்கா ஒரு ஃபிரீ கிக்கில் அடித்தார். அது மட்டும்தான் புனேவின் கோல். மறுபக்கம் மூன்று. மூன்றையும் அடித்தவர் சுனில் சேத்ரி.

அதற்கு அடுத்த பருவத்தோடு கதை முடிந்தது. முடிந்த விதத்தில் தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கும் பங்குண்டு.

2019 மார்ச் 9, கோவை நேரு விளையாட்டரங்கம், ஐ-லீகின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி வென்றால் பட்டம். தவறினால், கோழிக்கோட்டில் கோகுலத்துடன் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு வாய்ப்பு. மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணியான மினெர்வா பஞ்சாப் கோல் போட்டு அரங்கத்தை அமைதியாக்கியது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்ட்டியில் சமன் செய்தார். பிறகு தற்காப்பு வீரர் கௌரவ் போரா, யாரும் எதிர்பாராத அந்த மனிதர், இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி எழுந்து 2-1 என்று வென்றது. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. அன்றிரவே கொல்கத்தாவில் முணுமுணுப்பு கிளம்பியது: பஞ்சாப் அணி முழு மூச்சாக ஆடியதா? விசாரணைப் பேச்சு வந்தது, பட்டம் மாறவில்லை. முதல் மூன்று நிமிடத்திலேயே கோல் போட்ட அணியைக் குறைசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தவனிடம் நியாயத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

சில வாரங்களில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை. ஐ-லீக் அணிகள் பலவும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போடு பிணங்கிப் புறக்கணித்த போட்டி அது. அங்கே சென்னை சிட்டிக்கு எதிராக வந்தது புனே சிட்டி. சென்னை 4, புனே 2. புதிய சாம்பியனிடம் தோற்றதில் அவமானம் ஒன்றுமில்லை என்று ஆரஞ்சு ஆர்மிக்காரர்கள் தேற்றிக்கொண்டார்கள். தங்கள் அணியின் கடைசி ஆட்டம் அது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகஸ்டில் கிளப் மூடப்பட்டது. அதன் ஐஎஸ்எல் இடத்தில் ஹைதராபாத் எஃப்சி என்று புதிய கிளப் பிறந்தது, வீரர்கள் பலர் அப்படியே அங்கே போனார்கள்.

வென்ற சென்னை சிட்டிக்கு என்ன கிடைத்தது? மறு பருவத்திலேயே அணி உடைந்தது. 2021க்குப் பிறகு ஐ-லீகில் அதுவும் இல்லை. கோவை நேரு அரங்கில் அன்று கத்தியவர்களும் பாலேவாடியில் கத்தியவர்களும் இரண்டே வருட இடைவெளியில் ஒரே நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கையில் கோப்பை இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

2022 மார்ச் 20 அன்று ஹைதராபாத், கேரளா பிளாஸ்டர்ஸைப் பெனால்ட்டியில் வீழ்த்தி ஐஎஸ்எல் கோப்பையை வென்றபோது புனே கட்டாவில் புதிய வழக்கு ஒன்று பதிவானது. நம்முடைய இடத்தில் வந்த அணி, அந்தக் கோப்பையில் கால்வாசியாவது நமக்குச் சொந்தமில்லையா? பெரும்பான்மைத் தீர்ப்பு: இல்லை. வீட்டை விற்றவன் வாங்கியவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி கேட்கக் கூடாது. எனக்கும் அந்தத் தீர்ப்பே சரி. அந்த வீடும் நிலைக்கவில்லை. ஹைதராபாத் பணமின்றித் திணறி, 2025இல் டெல்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் சூட்டிக்கொண்டது.

அடுத்த வழக்கு இன்னும் சிக்கலானது. மும்பை சிட்டி. புனே சிட்டி இருந்தபோது இரண்டும் மோதும் ஆட்டத்துக்கு ‘மகாராஷ்டிரா டெர்பி’ என்று பெயர். மும்பைக்காரனுக்குப் புனேவில் என்ன மரியாதை என்பதை இரண்டு ஊரிலும் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதிபெற்ற மும்பை, தன் சொந்த ஆட்டங்களுக்கு மைதானம் தேடிப் பாலேவாடிக்கே வந்தது. எதிரணிகளில் ஒன்று சவூதியின் அல் ஹிலால். நெய்மர் வருவார் என்று நாடெங்கும் பரபரப்பு. அக்டோபரில் அவர் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்தார். நவம்பர் 6 அன்று நெய்மர் இல்லாத அல் ஹிலால் 2-0 என்று வென்றது. ஊரில் அணி இல்லாத ஐந்தாம் வருடத்தில் ஊர் பார்த்த மிகப் பெரிய ஆட்டம், பரம எதிரிக்குச் ‘சொந்த’ மைதான ஆட்டம். யாருக்குக் கை தட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். சிலர் வாய்கூசாமல் அல் ஹிலால் என்கிறார்கள்.

2024 ஏப்ரல் 15 அன்று ஐஎஸ்எல் லீக் ஷீல்டுக்கான கடைசி ஆட்டம். சால்ட் லேக்கில் மோகன் பகானும் மும்பையும். சமன் செய்தாலே மும்பைக்கு ஷீல்டு. லிஸ்டன் கொலாசோ ஒன்று, ஜேசன் கம்மிங்ஸ் ஒன்று, கடைசியில் மும்பைக்காகச் சாங்டே ஒன்று. 2-1, பகான் 48 புள்ளி, மும்பை 47. பத்தொன்பதே நாளில் அதே மைதானத்தில் இறுதியாட்டம், அதே இரண்டு அணிகள். மும்பை 3-1 என்று வென்று கோப்பையோடு போனது. இருபத்திரண்டு ஆட்டம் ஓடி எடுத்த ஷீல்டு பெரிதா, ஓர் இரவில் எடுத்த கோப்பை பெரிதா? ஷீல்டுதான் என்பேன், சந்தேகமே இல்லை. புனே கட்டாவில் இதைச் சொன்னால் மும்பையை மட்டம் தட்டியதாகப் பாதிப் பேர் மகிழ்வார்கள். காரணம் தப்பு, முடிவு சரி.

2025இல், மறுவருடம் எதற்கும் நிச்சயமில்லாத இந்த வியாதி நாடு முழுவதும் பரவியது. ஐ-லீக் ஏப்ரலில் முடிந்தும் சாம்பியன் யார் என்று தெரியவில்லை. தகுதியில்லாத வீரரை நாம்தாரி அணி இறக்கியது என்ற புகாரால் இன்டர் காசியின் புள்ளிகள் கூடுவதும் குறைவதுமாக இருந்தன. கூட்டமைப்பு கோப்பையைச் சர்ச்சிலிடம் கொடுத்துவிட்டது. ஆம், அதே சர்ச்சில். ஜூலையில் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. அதே ஜூலையில், ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல்லின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆட்டம் எப்போது என்று தெரியாமல் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் ரசிகர்கள் பதறிக்கொண்டிருந்தபோது, புனேக்காரர்கள் 2013இல் சர்ச்சில் வாங்கிய 55 புள்ளியையும் ஒருமுறை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.