அப்பா விட்டுப்போன துப்பாக்கி

வண்டன்மேடு பக்கத்தில் ஏலத்தோட்டம் வைத்திருந்த என் நண்பர் இறந்து எட்டு மாதம் கழித்து அவர் மகன் என்னிடம் வந்தான். "மாமா, அப்பாவோட ரைபிள் கட்டிலுக்கு அடியில கெடக்கு. பட்டாளத்து திரீ நாட் திரீன்னு சொல்றாங்க. அதை வச்சே குறி பார்த்துச் சுடப் பழகலாமா?" என்று கேட்டான். எனக்குப் பகீரென்றது. கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் அந்த ரைபிளைச் சுட்டு, தோள்பட்டை இரண்டு நாள் கன்றிப்போன அனுபவம் எனக்கு உண்டு. அந்த அரைகுறைப் பழக்கத்தை நம்பித்தான் பையன் வந்திருந்தான்.

நம் எல்லைப்புறத்தில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு பக்கமும், பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமும் பயிர்ப் பாதுகாப்புக்கென லைசென்ஸ் வாங்கிய பழைய துப்பாக்கிகள் சில வீடுகளில் இருக்கின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். லீ என்ஃபீல்டு என்பது ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட் அமைப்பைக் கொண்ட ஆங்கிலேய ராணுவ ரைபிள். 1907-ல் வந்த மூன்றாம் மார்க் வடிவத்தைத்தான் இரு உலகப் போர்களிலும் நம் சிப்பாய்கள் தூக்கித் திரிந்தார்கள். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் அது தயாரானது. குழலின் உள்விட்டம் .303 அங்குலம், மேகசினில் பத்துத் தோட்டா. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020-ல்தான் அதற்கு விடைகொடுத்தது.

ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் நினைத்தான். அதனால் கிட்டத்தட்ட அதே உடம்பில் .315 அங்குலக் குழல் பொருத்திய ரைபிள் தனியாருக்கு வந்தது. இன்றும் லைசென்ஸ்காரர்கள் வாங்கக்கூடியது இதுதான். தூரத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. சட்டத்தின் கண்ணிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். .303, 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள்கள் தடைசெய்யப்பட்ட வகை. லைசென்ஸ் இல்லாமல் அவ்வகை ஒன்றை வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி ஏழு முதல் பதினான்கு ஆண்டு சிறை. பழைய சாமான்தானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

நானும் பையனுமாகப் போய், குழலை வெறும் சுவர்ப்பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறையில் தோட்டா இல்லை என்பதை விரலை விட்டுப் பார்த்தோம். துருவைத் துடைத்தபின் முத்திரை தெரிந்தது: .315. அவன் அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார்.

அதோடு முடியவில்லை. லைசென்ஸ் துப்பாக்கிக்கு அல்ல, ஆளுக்கு. ஆள் போனபின் வாரிசு அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தாமதமின்றிக் காவல்நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து, பிறகு தன் பெயரில் மனுப் போடவேண்டும். எட்டு மாதம் என்பது ரொம்பத் தாமதம். வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மறுநாளே போகச் சொன்னேன். போனார்கள்.

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டால் அது குறிசுடுதலுக்கு ஆகுமா? இங்கிலாந்தில் பிஸ்லியிலும், அமெரிக்காவில் கேம்ப் பெர்ரியிலும் பழைய ராணுவ ரைபிளுக்கென்றே போட்டி உண்டு. அங்கே வாங்குபவர்கள் மேற்பூச்சுப் பளபளப்பைப் பார்ப்பதில்லை, குழலைத்தான் பார்ப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்வரிகள் கூர்மையாகத் தெரியவேண்டும். பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து விட்டுச்செல்லும் உப்பு, எண்ணெயில் கரையாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் போடவேண்டும். நம் ஊர் இடவப்பாதி மழையில் கழுவாத குழல் சீக்கிரமே சொறிபிடித்துவிடும். குழல்வாயின் விளிம்பில் ஒரு சிறு நெளிவு இருந்தாலும் குண்டு திசை மாறும்.

அடுத்தது மரக்கட்டை. மழைக்கால ஈரத்தில் அது உப்பிக் குழலை அழுத்தும்; கோடையில் சுருங்கும். ஜனவரியில் நேராகச் சுட்ட துப்பாக்கி ஜூலையில் கோணலாகச் சுடுவது இதனால்தான். போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிவிளிம்புக்கும் உள்ள இடைவெளி அளவு மீறினால் தோட்டாக்கூடு நடுவே அறுந்து, சூடான புகை சுடுபவன் முகத்துக்கே வரலாம். அதை லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் அளவுகோல் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஊர்க் கொல்லரிடம் கொடுக்கிற வேலை இல்லை இது.

கண் விஷயமும் உண்டு. மூன்றாம் மார்க்கில் பின்குறி குழலின்மேல், முன்னால் தள்ளி இருக்கும். நாற்பது தாண்டியவருக்கு அது மங்கும். இரண்டாம் உலகப்போர்க்கால நான்காம் எண் ரைபிளில் கண்ணருகே துளைக்குறி வைத்தார்கள். வயதானவர்க்கு அதுவே வரப்பிரசாதம். என்ன செய்ய, நமக்கு அதுவும் .303.

உண்மையைச் சொன்னேன் பையனிடம்: "தம்பி, இங்கே போட்டின்னா பெரும்பாலும் பத்து மீட்டர் ஏர் ரைபிள், இல்லேன்னா ஐம்பது மீட்டர் பாயிண்ட் டூ டூ. அப்பா துப்பாக்கிக்கு அங்க எடமில்ல." முகம் வாடினான். குண்டு விலையையும் தோள்வலியையும் கணக்குப் பார்த்தால் தொடக்கக்காரனுக்கு ஏர் ரைபிளே நல்ல ஆசான் என்பது என் எண்ணம். மூச்சை அடக்குவதும் விசையை மெல்ல அழுத்துவதும் இரண்டிலும் ஒன்றுதானே.

இப்போது அவன் ஞாயிறுதோறும் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான். மனு இன்னும் நிலுவையில். துப்பாக்கி வியாபாரியின் அலமாரியில் இருக்கிறது. மழை தொடங்குமுன் எண்ணெய் போட்டார்களா என்று அவன் அம்மா போனில் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.