கல்லூரி அணியும் சமூக ஊடகமும்

அமெரிக்காவில் கல்லூரி அணியில் இடம் தேடும் உயர்நிலைப்பள்ளி வீரர்கள், தம் சிறந்த ஆட்டக் காட்சிகளைச் சில நிமிடத் தொகுப்பாக்கி, ஹடில் போன்ற காணொளித் தளங்களில் ஏற்றி, அதன் இணைப்பை உயரம், எடை, மதிப்பெண் சராசரி, பள்ளிப்படிப்பு முடியும் ஆண்டு ஆகியவற்றோடு எக்ஸ் தளத்தில் பகிர்கின்றனர். பயிற்சியாளர்கள் எளிதில் சென்று பார்க்காத சிற்றூர்ப் பள்ளி மாணவரும் இதனால் கவனம் பெற முடிவது உண்மையிலேயே வரவேற்கத்தக்கது.

கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு, பயிற்சியாளர்கள் மாணவரைத் தொடர்புகொள்ளும் காலத்தை விளையாட்டுக்கேற்ப வரையறுத்துள்ளது. அதன் உயர்மட்டப் போட்டிப் பிரிவான முதல் பிரிவின் பல விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15-க்கு முன்னர் அவர்கள் தனிச்செய்தி அனுப்பலாகாது. 2016 ஆகஸ்ட் முதல், கருத்து எதுவும் சேர்க்காமல் மாணவரின் பதிவுக்கு விருப்பக்குறி இடவும் அதனை மறுபகிர்வு செய்யவும் அப்பிரிவில் அனுமதி உண்டு. எனினும் அத்தகைய குறியை உதவித்தொகைக்கான உறுதியாகக் கொள்ளலாகாது.

பயிற்சியாளர்கள் ஆட்டத்தோடு நடத்தையையும் நோக்குவதால், இனவெறியோ இழிசொல்லோ கொண்ட பழைய பதிவு ஒன்றே வாய்ப்பைப் பறிக்கக்கூடும். பதினான்கு வயதில் சினத்தில் எழுதிய ஒரு வரிக்காக ஒரு சிறுவரின் கல்வி வாய்ப்பையே மறுப்பது கடுமையானது. மாணவர் திருந்தியுள்ளாரா என்று நேரில் பேசி அறிவது பயிற்சியாளரின் பொறுப்பாகும்.