மேமோகிராம்: பயத்தை விடுங்கள், மரியாதையைக் கேட்டுப் பெறுங்கள்

டாக்டர் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்து வரச் சொல்லியிருப்பார். சீட்டோ மாதக்கணக்கில் கைப்பையிலேயே கிடக்கும். கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாதே என்ற பயம் ஒருபுறம், முன்பின் தெரியாதவர் முன்னால் ரவிக்கையைக் கழற்ற வேண்டுமே என்ற கூச்சம் மறுபுறம். இரண்டுமே நியாயமானவைதான். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

எவ்வளவு கதிர்வீச்சு?

வழக்கமாக ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என இரண்டு படங்கள் எடுப்பார்கள். நான்கு படங்களுக்கும் சேர்த்து உடம்பு ஏற்கும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண், காற்று, விண்வெளி, உணவு வழியாக மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். அதாவது, இரண்டு மாதத்தில் இயற்கையாகவே நமக்கு வந்து சேரும் அளவுதான் இது. கழுத்துக்குப் போவது மிக மிகக் குறைவு என்பதால் தைராய்டு கவசம் தேவையில்லை. அது படத்தில் குறுக்கிட்டால் மறுபடி எடுக்க நேரும்.

ஏன் அழுத்துகிறார்கள்?

மார்பகத்தைத் தட்டையாக்கினால் குறைந்த கதிர்வீச்சே போதும். திசுக்கள் விரிந்து, மறைந்திருக்கும் சிறு கட்டியும் தெரியும். அழுத்தம் சில நொடிகள்தான். வலி தாங்க முடியவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மரியாதையும் பாதுகாப்புதான்

கூச்சத்தில் தோளை இறுக்கிக்கொண்டு நின்றால் மார்புத் தசையும் இறுகும். மார்பகம் முழுவதையும் தட்டின்மேல் கொண்டுவர முடியாது. அசைந்துவிட்டால் படம் மங்கும். மறுபடி எடுத்தால் கூடுதல் கதிர்வீச்சு. “இப்போது உங்களைத் தொட்டுச் சரிசெய்யப் போகிறேன், தோளைத் தளர்த்துங்கம்மா” என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டுத் தொட்டாலே பாதிப் பதற்றம் அடங்கும். ஒரு பக்கம் எடுக்கும்போது மறுபக்கம் மூடியிருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

போகும் முன்

• மாதவிடாய் முடிந்த வாரத்தில் போனால் வலி குறையும்.

• அன்று பவுடர், டியோடரண்ட் வேண்டாம். அவற்றின் துகள்கள் படத்தில் கால்சியம் புள்ளிகள் போலத் தெரியலாம்.

• சேலை அல்லது மேல்சட்டை தனியாக உள்ள உடை வசதி.

• தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் முதுகுப்பக்கம் தள்ளிவிடலாமா என்று கேளுங்கள்.

• கர்ப்பம், தாய்ப்பால், முந்தைய அறுவை சிகிச்சை எதுவானாலும் முதலிலேயே சொல்லுங்கள்.

• பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

• கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். இந்தியாவில் அது கட்டாயம்.

இளம் பெண்களுக்கு மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால், பெரும்பாலும் கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்டைத்தான் டாக்டர் முதலில் சொல்வார். நாற்பதைத் தாண்டியவர்கள் எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சீட்டு கையில் இருந்தால் இந்த வாரமே போய் வாருங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் அக்காவையோ மகளையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.