சிறு பட்டறை, பெரிய வேலை

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பூட்டின் பெயரைக் காக்கும். அது உருவாகும் இடத்தை விரிவாக்காது. மாங்காய்ப் பூட்டும் கோயில் பூட்டும் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகளில்தான் பிறக்கின்றன. ஒரு கோயிலுக்கோ, புதிதாகக் கட்டும் பெரிய வீட்டுக்கோ மொத்தமாகப் பூட்டுகள் கேட்டு ஒருவர் வந்தால், 'செய்து வைக்க இடமில்லையே' என்ற கவலைதான் முதலில் எழும். தயங்கினால் அந்த வேலை அலிகர் போன்ற ஊர்களுக்குப் போய்விடும்.

இடநெருக்கடியைக் கணக்கிட ஓர் அளவுகோல் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அதன் பின்னர் கட்டப்படும் ஆலைகளில் தொழிலாளி ஒருவருக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. பத்தடி உயர அறையில் இது ஏறத்தாழ 50 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நால்வர் அமர்ந்தால் தலைக்கு 30 சதுர அடிதான். குடும்பத்தினர் மட்டும் உழைக்கும் வீட்டுப் பட்டறைகள் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. ஆனால், சட்டம் எட்டாத இடத்திலும் மூச்சுக்குக் காற்றும் கை வீசி வேலை செய்ய இடமும் தேவைதான்.

சுவரை நகர்த்த முடியாதவர் பொருள்களை நகர்த்தலாம். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த 'ஐந்து எஸ்' முறை இதைத்தான் சொல்கிறது: வேண்டாததை விலக்கு, வேண்டியதற்கு இடம் குறி, துப்புரவாக வை, அதையே முறையாக்கு, முறையை வழக்கமாக்கு. முதல் படியே பெரும்பாலோருக்குக் கடினம். 'என்றைக்காவது உதவும்' என்று சேர்த்த தகட்டுத் துண்டுகளும், பழுதான துளையிடும் இயந்திரமும் ஓர் ஆள் அமரும் இடத்தை விழுங்கிக் கிடக்கும்.

அடுத்தது வேலையின் வரிசை. தகடு வெட்டுதல், துளையிடுதல், அரம் போடுதல், லீவர் பொருத்துதல், ரிவிட் அடித்தல், மெருகிடுதல், சாவி சோதித்தல் என்ற ஒழுங்கிலேயே இருக்கைகளும் அமைந்தால், ஒரே பூட்டு அறையைப் பலமுறை குறுக்கே கடக்க வேண்டியதில்லை. தரை நெருக்கமாக இருந்தாலும் சுவர் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அரங்களையும் குறடுகளையும் அங்கே மாட்டலாம். மேசைக்குச் சக்கரம் பூட்டினால், பகலில் வேலை மேசையாக இருப்பது மாலையில் ஓரமாக ஒதுங்கிவிடும். சாணைக்கல்லின் தீப்பொறி எண்ணெய், சாயம் பக்கம் தெறிக்காமல் இருப்பதும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருப்பதும், குழந்தைகள் நடமாடும் வீட்டில் கட்டாயம்.

பெரிய பொருளைச் செய்வோர் இன்னொன்றையும் முன்னரே அளக்க வேண்டும்: வெளியேறும் வழி. மும்பை விமானி அமோல் யாதவ், தாம் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைப்பதற்காக அதைப் பகுதிகளாகக் கழற்றி, பாரந்தூக்கியால் கீழே இறக்க வேண்டியிருந்தது. சிறிய இடத்தில் பெரிய கனவு சாத்தியம் என்பதற்கு அவர் சான்று. எதைக் கழற்றிச் சேர்க்கலாம், எதை வாசல் வழியே கொண்டுபோகலாம் என்று தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும் என்பதற்கும் அவரது அனுபவமே பாடம்.

ஆயினும், ஒழுங்குக்கும் ஓர் எல்லை உண்டு. எவ்வளவு அடுக்கினாலும் 120 சதுர அடி 200 ஆகிவிடாது. பெரிய வெட்டு இயந்திரம், மெருகுக்கூடம், சரக்கு அறை ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் தனித்தனியே வைத்திருக்கத் தேவையில்லை. கூட்டுறவு அமைப்பின் வழியாகவோ அரசின் குறுந்தொழில் குழுமத் திட்டங்களின் வழியாகவோ பொதுப் பயன்பாட்டு மையம் ஒன்று அமைந்தால், நுணுக்க வேலை வீட்டிலும் கனரக வேலை பொதுக்கூடத்திலும் நடக்கும். பட்டறையை ஒழுங்கு செய்வது கைவினைஞரின் பொறுப்பு. பட்டறைக்கு அப்பால் இடம் தருவது சமூகத்தின் பொறுப்பு. இரண்டும் கூடினால்தான், வாசலுக்கு வரும் பெரிய வேலையைத் திண்டுக்கல் துணிந்து ஏற்க முடியும்.