எந்தப் பக்கத்து யன்னல்?

கொழும்பிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்திற் செல்வோர் பயணச்சீட்டின் விலையை விசாரிக்கின்றனர். பொதியின் நிறையை விசாரிக்கின்றனர். எப்பக்கத்து யன்னலோரம் அமர்வது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. நாமும் அவ்வாறே இருந்தோம். அந்த அசிரத்தையின் பலனை அனுபவித்தவர் எமது பெரியம்மா.

அவருக்கு வயது எழுபத்தெட்டு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியுமுன், சிறுமியாகத் தந்தையாரின் கைபிடித்துத் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி அங்கு சென்றவர். கண்ணிற் புரை நீக்கச் சென்னை செல்ல நேர்ந்தபோது, "அந்தக் கடலை ஒருக்கால் மேலால பாக்க வேணும், தம்பி" என்றார். கிடைத்த யன்னலோர ஆசனத்தைப் பெற்றுக் கொடுத்தோம். அது வலப்பக்கம், அதிலும் இறக்கைக்கு நேர் மேலே. காலை வெயில் கண்ணைக் கூசச் செய்தது. இறக்கையையும் வெண்ணொளியையும் அன்றி வேறொன்றையும் அவர் காணவில்லை. "பரவாயில்லை" என்று அவர் சொன்னதே எம்மை அதிகம் வருத்தியது.

சென்னையில் தேசப்படத்தை விரித்து ஆராய்ந்தோம். கட்டுநாயக்காவையும் சென்னையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு ஏறக்குறைய நேர் வடக்காக, மன்னாரை அண்டி, யாழ்ப்பாண நகரின் மேலாகச் செல்கின்றது. கற்பிட்டி, தலைமன்னார், இராமர் அணை, நெடுந்தீவு, கோடிக்கரை, காரைக்கால், புதுச்சேரி ஆகிய யாவும் அதற்கு மேற்கே அமைந்துள்ளன. கிழக்கே வன்னி நிலம் கழிந்ததும் வங்காள விரிகுடா ஒன்றே.

எனவே, போகும்போது இடப்பக்கம்; திரும்பும்போது வலப்பக்கம். வரிசைக்கு ஆறு ஆசனங்களுள்ள விமானங்களில் 'ஏ' என்னும் எழுத்து இடப்புற யன்னலையும், 'எஃப்' என்பது வலப்புற யன்னலையும் குறிக்கும். காலைப் பயணமே உத்தமம். சூரியன் கிழக்கே நிற்பதால் மேற்குப்புறக் காட்சி கண்ணைக் கூசாது. ஆசனம் இறக்கைக்கு முன்னால் இருத்தல் நன்று. பின்னாலிருப்பின், இயந்திரத்திலிருந்து வெளிவரும் வெப்பக் காற்றினால் காட்சி கலங்கித் தோன்றும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழைமுகில் மறைக்கும். மாசி, பங்குனியில் வானம் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். விமானி பாதையைச் சற்று மாற்றவுங் கூடும். அதற்கு நாம் பொறுப்பல்லோம்!

சிகிச்சை முடிந்து சில வாரங்களின் பின் திரும்பினோம். இம்முறை முன்வரிசையில், வலப்பக்கம், காலை வேளை. குடாநாட்டின் தீவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. பின்னர், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளத்துக்கு மணல் திட்டுகள் வரிசையாகத் தோன்றின. ஆழங்குறைந்த இடத்திற் கடல் இளம்பச்சை, அப்பால் கருநீலம். பெருங்கப்பல்கள் இவ்வழி செல்லாது இலங்கையைச் சுற்றிச் செல்வதன் காரணம், பாடப் புத்தகமின்றியே விளங்கிற்று.

பெரியம்மா யன்னற் கண்ணாடியில் நெற்றியைப் பதித்தபடி இருந்தார். "எவ்வளவு கிட்ட இருக்கு!" என்றார். "அண்டைக்கு எனக்குப் பெரிய தூரமாக் கிடந்தது. அப்பா மடியில நித்திரையாப் போனன்."

நேயர்களே, அடுத்த முறை சீட்டுப் பெறுமுன் பிள்ளைகளுடன் தேசப்படத்தை விரித்து ஒரு கோடு வரைந்து பாருங்கள். வீட்டில் முதியவர் இருப்பின், அவர் எதைக் காண விரும்புகிறார் என்றும் கேளுங்கள்.