அவுஸ்திரேலிய இலக்கியமும் சஞ்சிகைகளும்

குடியேற்ற நாடுகளில் எழும் இலக்கியம் இருவகை இடர்களை எதிர்நோக்கும். எழுதுவோனுக்குத் தன் நாட்டில் வாசகர் போதாமை ஒன்று. வாசகர் இருப்பினும் அவர் பிறநாட்டார் தீர்ப்பையே தம் தீர்ப்பாகக் கொள்ளுதல் மற்றொன்று. ஆங்கிலம் பேசும் அவுஸ்திரேலியர் இவ்விரண்டையும் நெடுங்காலம் அனுபவித்தனர். மொழி ஒன்றாயிருந்தமையால் இடர் மிகுந்ததேயன்றிக் குறைந்திலது. இலண்டனில் அச்சான நூல்கள் கப்பலேறி வந்து சிட்னி, மெல்பேண் நகர்களின் புத்தகசாலைகளை நிரப்பின. இந்நிலை மாறுதற்குப் பெரிதும் துணைநின்றவை கவிதை, சிறுகதை, கட்டுரை என்னும் மூன்றையும் ஒருங்கே தாங்கிவந்த சஞ்சிகைகளாம்.

இவற்றுள் முன்னோடி, 1880 ஆம் ஆண்டு சிட்னியில் ஆர்ச்சிபால்ட், ஹேய்ன்ஸ் என்னும் இருவர் தொடங்கிய 'புல்லெற்றின்' என்னும் வார இதழ். நாட்டுப்புறத்து வாசகரையே எழுதுமாறு அழைத்தமை இதன் சிறப்பு. ஹென்றி லோசன் எழுதிய 'மந்தையோட்டியின் மனைவி' 1892 இல் இவ்விதழில் வெளிவந்தது. கணவன் தொலைவிற் சென்றிருக்க, வீட்டின் அடியிற் புகுந்த பாம்பொன்றினின்றும் தன் குழந்தைகளைக் காக்க ஒரு தாய் இராமுழுதும் விழித்திருக்கின்றாள், கதை இவ்வளவே. ஆயினும் அந்நாட்டு வாழ்வின் தனிமையும் உறுதியும் அதனுள் அடங்கிவிட்டன. 1896 முதல் ஏ. ஜீ. ஸ்டீபன்ஸ் அவ்விதழின் அட்டை உட்புறத்தில் நடத்திய 'செம்பக்கம்' நூல்களை மதிப்பிடும் மன்றமாய் விளங்கியது. எனினும், அவுஸ்திரேலியா வெள்ளையருக்கே உரியது என்னும் கொள்கையை முகப்பில் அரைநூற்றாண்டளவு பொறித்திருந்தமை அவ்விதழுக்கு நீங்காத மாசாகும்.

1940 ஆம் ஆண்டு இறுதியில் கிளெம் கிறிஸ்ரெசென் என்பவர் பிரிஸ்பேன் நகரிற் சிறியதோர் ஏட்டைத் தொடங்கினார். அந்நகர் அமைந்துள்ள நிலத்துக்கு ஆதிக்குடிகள் வழங்கிய 'மியான்ஜின்' என்னும் பெயரையே அதற்குச் சூட்டினார். போர்க்காலத்தில், பண்பாட்டைப் பேணுதலும் ஒரு கடமை எனக் கருதி எழுந்த அம்முயற்சி, 1945 இல் மெல்பேண் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் அந்நகருக்குப் பெயர்ந்தது. கவிஞர் யூடித் றைற்றின் முதற் கவிதைத் தொகுதியை 1946 இல் வெளியிட்டதும் மியான்ஜின் அச்சகமே.

இவ்விதழில் 1950 இல் வெளிவந்த ஒரு கட்டுரை தனித்து நோக்கற்பாலது. அதனை எழுதிய ஏ. ஏ. பிலிப்ஸ் மெல்பேணில் ஒரு கல்லூரி ஆசிரியர். அவுஸ்திரேலிய வாசகன் தன் நாட்டு நூலைப் படிக்குந்தோறும், பண்பட்ட ஆங்கிலேயன் ஒருவன் இதைப்பற்றி யாது நினைப்பான் என உள்ளூர அஞ்சுகின்றான் என்பது அவர் கருத்து. இப்பண்பாட்டுக் கூச்சத்தின் மறுதலை வீண் தற்பெருமையன்று என்பதையும் அவர் வற்புறுத்தினார். தன்னை உயர்த்திப் பேசுதலும் அஞ்சி ஒடுங்குதலும் ஒரே நோயின் இருவகைக் குறிகள். இயல்பாக நிமிர்ந்து நிற்றலே மருந்து. அவர் ஆண்ட சொற்றொடர் அந்நாட்டின் பொதுவழக்காயிற்று.

தற்சார்பான மதிப்பீடு எளிதிற் கிட்டுவதொன்றன்று. 1943 இல் மக்கோலி, ஸ்ருவேர்ட் என்னும் இரு கவிஞர் நவீன கவிதையை எள்ளும் பொருட்டு, 'ஏர்ன் மலி' என்னும் இறந்துபோன கவிஞனொருவனைக் கற்பனையாகப் படைத்து, கைக்கு எட்டிய நூல்களினின்றும் சொற்களைக் கோத்துச் செய்யுள்களாக்கி அனுப்பினர். 'சினங்கொண்ட பெங்குவின்கள்' என்னும் பொருள்தரும் பெயருடைய சஞ்சிகை அவற்றை மெய்யென நம்பிச் சிறப்பிதழ் வெளியிட்டது. உண்மை வெளிப்பட்டமையோடு, ஆபாசமென வழக்கிடப்பட்டு ஆசிரியர் மாக்ஸ் ஹரிஸ் தண்டமும் இறுத்தார். புதுமையை வரவேற்பவன் ஏமாறவுங்கூடும் என்பது இதனாற் புலனாகும். ஆனால், அச்செய்யுள்களிற் கவித்துவம் உண்டெனக் கொள்வோர் இன்றும் உளர். எள்ளியவர் கருத்தையும் அவை மீறிவிட்டன.

பின்னர்ப் பல இதழ்கள் தோன்றின. 1939 இலேயே சிட்னியில் 'சதர்லி' தோன்றியிருந்தது. 1954 இல் இடதுசாரிச் சார்புடைய 'ஓவர்லாண்ட்' மெல்பேணிலும், 1956 இல் பொதுவுடைமையை எதிர்த்த 'குவாட்றன்ற்' சிட்னியிலும், அதே ஆண்டில் 'வெஸ்ற்றேர்லி' மேற்குக் கரையிலும் எழுந்தன. குவாட்றன்றின் முதலாசிரியர் முற்கூறிய மக்கோலியே. கொள்கையால் மாறுபட்ட இவ்விதழ்களின் பூசலே இலக்கியத்துக்கு உரமாயிற்று.

ஆதிக்குடிகளின் குரல் இவ்வரங்கில் நெடுங்காலம் ஒலித்திலது. கத் வோக்கர் என்னும் பெயரில் எழுதிய ஊஜரூ நூனக்கலின் 'நாம் போகின்றோம்' 1964 இல் வெளிவந்தது. அம்மக்களுள் ஒருவர் இயற்றி நூலாகிய முதற் கவிதைத் தொகுதி அதுவே. அதன் கையெழுத்துப்படியைப் பதிப்பகத்தின் சார்பில் வாசித்துப் பரிந்துரைத்தவர் யூடித் றைற் என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சஞ்சிகைகள் விற்பனையால் மட்டும் வாழ்ந்தனவல்ல. பல்கலைக்கழக ஆதரவும் அரசாங்க உதவிப்பணமும் அவற்றைத் தாங்கின. ஆதலின் அவற்றின் ஆயுள் என்றும் ஐயத்துக்குரியதே. 'புல்லெற்றின்' 2008 இல் நின்றது. எண்பத்தைந்தாண்டை எய்தும் தறுவாயிலிருந்த 'மியான்ஜின்' இதழைப் பணநிலை காரணமாக நிறுத்துவதாக அதன் வெளியீட்டகம் 2025 இல் அறிவித்தபோது எழுத்தாளர் பலர் வெகுண்டெழுந்தனர். அவர் கவலை வெறும் பழமைப் பற்றன்று. நூல் விளைபயன், சஞ்சிகையோ அது முளைக்கும் நாற்றுமேடை. பெயரறியா இளைஞனின் முதற் கவிதையும், அதனை அஞ்சாது எடைபோடும் கட்டுரையும் அருகருகே அமரும் இடம் பிறிதில்லை. நாற்றுமேடையைச் செலவெனக் கருதி அழிக்கும் நாடு, சில ஆண்டுகளின் பின் விளைச்சலுக்குப் பிறர் வயலை நோக்க நேரும்.