'பாங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லும் மன்னார்க் கடலின் பார்களும்

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழ் கற்றோருக்குப் புதிய செய்தியன்று. 'துறை' என்னும் சொல் சிலாவத்துறை என்ற ஊர்ப்பெயரில் படகு வந்தணையும் இடத்தைக் குறிக்கிறது. கல்லூரியிலோ அது கல்விப் பகுதியைக் குறிக்கிறது. கேட்போர் இடமறிந்து பொருள் கொள்கின்றனர். ஆங்கிலத்திலும் இவ்வாறே. ஆயினும், பிறமொழி கற்கும் மாணவர் பலர் முதலிற் பயின்ற பொருளையே எங்கும் பொருத்திவிடுகின்றனர். இதனால் விளையும் இடரை விளக்க 'பாங்க்' என்னும் ஓர் எளிய சொல்லே போதும்.

மன்னார்க் கரையைக் காட்டும் ஆங்கிலப் படங்களில், அரிப்புக்கு மேற்கே கடலினிடையே 'பேர்ள் பாங்க்ஸ்' என்று எழுதப்பட்டிருக்கும். இதனை 'முத்து வங்கிகள்' என்று பெயர்த்தால் சொல்லுக்குச் சொல் சரியாகவே தோன்றும். பொருளோ முற்றும் பிழைபடும். கடலடியில் பணம் வைப்பதும் எடுப்பதும் யாங்ஙனம்?

இச்சொல்லின் வரலாற்றை நோக்கினால் குழப்பம் தெளியும். பழைய ஜேர்மானிய மொழிகளில் இதன் வேர், நீண்டு உயர்ந்த இருக்கையையோ மேட்டையோ குறித்தது. அவ்வேர் இரு வழிகளாக ஆங்கிலத்தை அடைந்தது. ஒரு வழியில் நிலத்தின் மேடு, ஆற்றின் கரை, கடலடியின் உயர்ந்த தளம் ஆகிய பொருள்கள் கிளைத்தன. மற்றைய வழி இத்தாலி நாட்டினூடாக வந்தது. அங்கே நாணயம் மாற்றுவோர் பலகையொன்றை முன்வைத்துத் தொழில் செய்தனர். அப்பலகையின் பெயரே நாளடைவில் பண நிலையத்தின் பெயராயிற்று. 'உடைந்த பலகை' என்று பொருள்படும் இத்தாலியத் தொடரே இலங்கைத் தமிழில் இன்று வழங்கும் 'வங்குரோத்து' என்னும் சொல்லுக்கு மூலம். பின்னர், சேமித்து வேண்டும்போது எடுப்பது என்னும் கருத்து விரிந்து, இரத்த வங்கி, கண் வங்கி என்பனவும் தோன்றின.

தமிழில் இவையனைத்துக்கும் ஒரே சொல் பொருந்தாது. அருவியாற்றின் 'பாங்க்' கரையாகும். மன்னாரின் வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக் குளத்தின் பெயரிலேயே, மனிதர் கட்டியெழுப்பிய கரை என்னும் பொருள் விளங்குகின்றது. பண நிலையத்துக்கு முன்னாளில் 'பாங்கு' என்றும் எழுதினர். ஆனால் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் பாங்கு என்றால், பள்ளிவாசலிலிருந்து எழும் தொழுகை அழைப்பே முதலில் நினைவுக்கு வரும். அது பாரசீக வழிவந்த வேறொரு சொல். ஒலி மாத்திரமே ஒத்தது. இந்நாளில் நிலைத்துள்ள 'வங்கி' என்னும் சொல்லும் தனிப்பொருளுடையதன்று. மகளிர் கையில் அணியும் அணியொன்றுக்கும் அப்பெயர் உண்டு.

இனி, முத்து விளையும் 'பாங்க்' யாது? மன்னார்க் கடலோடிகள் அதனைப் 'பார்' என்பர். வங்காலைப் பார், பெரிய பார் என்று அவற்றுக்குப் பெயரும் இட்டுள்ளனர். பார் என்பது உலகையும் குறிக்கும், பாறையையும் குறிக்கும். கடற்றொழிலில் அது கடலடியிலுள்ள வன்றரை. முத்துச்சிப்பி தன் உடலிலிருந்து வெளிப்படும் நார்களால் உறுதியான பொருளைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. மணலிலும் சேற்றிலும் அதற்குப் பிடிப்பில்லை. மேலே மணல் மூடினால் மடிந்துபோகும். ஆகவே சிப்பியின் வாழ்வுக்கு ஆதாரம் எதுவோ, அதனையே 'பார்' என்னும் சொல் சுட்டுகிறது. 'பாங்க்' என்பது உயரத்தை மாத்திரம் சொல்ல, 'பார்' தரையின் தன்மையையும் சொல்லிவிடுகிறது.

இவ்வேறுபாடு அறிஞர் அவைக்கு மாத்திரம் உரிய நுட்பமன்று. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிட அரிப்பில் ஒரு மாளிகை அமைத்தார். அதன் இடிபாடுகள் கடலோரத்தில் உள்ளன. அரசுக்கு முத்து பெரும் வருவாயாக இருந்தது. 1905இல் மரிச்சுக்கட்டியை நிலையமாகக் கொண்டு நிகழ்ந்த குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே பார்கள் 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு நிறுவனத்துக்கு விடப்பட்டன. 1907க்குப் பின்னர் வளம் குன்றியது. நிறுவனமும் குத்தகைக்காலம் முடியுமுன்னரே கலைந்தது. பண வங்கியில் இட்டதை எடுக்கலாம். பாரிலிருந்து எடுப்பதற்குக் கடலின் இசைவும் வேண்டும்.

அவ்விசைவு எத்தகையது என்பதை 1902இல் இங்கு ஆய்வு நடத்திய விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மன் ஆராய்ந்தார். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் பெருந்தொகையாகப் படிந்தும், குளிக்கும் பருவம் எய்தாமல் மறைவதை அவர் எடுத்துக்காட்டினார். ஆழ்கடலின் விளிம்பில், தென்மேற்குப் பருவக்காற்றின் தாக்குதலுக்கு நேரே அப்பார் அமைந்துள்ளது. எனவே அங்குள்ள இளஞ்சிப்பிகளைக் காப்பான பார்களுக்குப் பெயர்த்து இடவேண்டும் என்றார்.

கடலில் உள்ள 'பாங்க்' யாவும் பார் என்று முடிவுகட்டுதலும் தவறு. கன்னியாகுமரிக்குத் தெற்கே 'வாட்ஜ் பாங்க்' என்னும் பரந்த மீன்வளத் தளம் உண்டு. முன்னர் இலங்கையின் இழுவைக் கப்பல்களும் அங்கே மீன்பிடித்தன. 1976இல் இரு நாடுகளும் கடலெல்லை வகுத்தபோது அது இந்தியாவின் பக்கமாயிற்று. அதனைக் கடல்மேடை என்பதே தகும். உடன்படிக்கையிலோ சட்டத்திலோ இத்தகைய சொல்லைப் பிழையாகப் பெயர்த்தால், தம் தொழிலிடத்தைப் பற்றிய விதியைக் கடற்றொழிலாளர் தாமே விளங்கிக்கொள்ள இயலாது போகும்.

ஆதலின், பிறமொழிச் சொல்லுக்குப் பொருள் தேடுவோர் அகராதியை அணுகுமுன் அச்சொல் நிற்கும் இடத்தையும், அதனை அடுத்து நிற்கும் சொற்களையும் நோக்குதல் வேண்டும். அகராதியை மூடிய பின்னர், அப்பொருளோடு நாளும் பழகுவோர் அதனை எவ்வாறு அழைக்கின்றனர் எனக் கேட்டறிதலும் வேண்டும். முத்து விளையும் தரைக்கு ஏற்ற சொல் மன்னார்க் கரையில் ஏற்கெனவே உண்டு. அதனைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.